120 மீட்டர் என்கிறது ஆப், அரை மணி நேரம் ஆகிறதே!

வாசகர் கேள்வி – பதில்

ஜியோகேஷிங் பற்றிய கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். விளையாட்டு தெரியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை ஊருக்குள் ஒளித்து வைத்து, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். நாம் ஜிபிஎஸ் துணையோடு தேடிப் போய், உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வர வேண்டும். இந்த டப்பாவுக்குத்தான் ‘கேஷ்’ என்று பெயர். பெயரைக் கேட்டுப் பணம் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நீக்கியது. அதற்கு அடுத்த நாள், மே 3 அன்று, ஆரிகன் மாநிலத்தில் முதல் டப்பா வைக்கப்பட்டது.

கே: அடுத்த மாதம் அலுவலக வேலையாக மூன்று நாள் ஹாங்காங் போகிறேன். மாலை ஆறரைக்கு மேல்தான் ஓய்வு கிடைக்கும். போன முறை சென்ட்ரல் பகுதியில் ஒரு டப்பா 120 மீட்டர் தூரத்தில் இருப்பதாக ஆப் காட்டியது. போய்ச் சேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஜிபிஎஸ் கோளாறா, என் கோளாறா?
– செங்காங் வாசகர்

ப: இரண்டும் இல்லை. ஆப் காட்டும் 120 மீட்டர் என்பது வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்த தூரம். உயரம் அந்தக் கணக்கில் இல்லை. டப்பாவின் இணையப் பக்கத்தில் இருப்பதும் இரண்டே எண்கள்தான். உயரத்துக்கென்று மூன்றாவது எண் கிடையாது.

முதலில் ஏற்றத்தின் பங்கைப் பார்ப்போம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அதாவது 10 மீட்டர் ஏறினால் ஒரு நிமிடம் கூடும். உங்கள் டப்பா 45 மீட்டர் உயரத்தில் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். நடைக்கு ஒன்றரை நிமிடம், ஏற்றத்துக்கு நாலரை நிமிடம், மொத்தம் ஆறு நிமிடம். அலுவலகச் சப்பாத்து, ஹாங்காங் புழுக்கம் என்று இரட்டிப்பாக்கினாலும் பன்னிரண்டுதான். மீதி நேரம் எங்கே போனது? பெரும்பாலும் ஒரு தடுப்புச் சுவருக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்ததில் போயிருக்கும்.

சென்ட்ரலுக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் மிட்-லெவல்ஸ் பகுதியின் அமைப்பு அப்படி. ஹாலிவுட் ரோடு, அதற்கு மேலே கெய்ன் ரோடு, அதற்கும் மேலே ராபின்சன் ரோடு, உச்சியில் காண்டுயிட் ரோடு என்று கொலுப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகச் சாலைகள். நடுவில் கல் சுவரும் கான்கிரீட் சரிவும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகச் சில இடங்களில்தான் படிக்கட்டுத் தெரு இருக்கும். ஆப்பின் அம்பு நேரே சுவரைக் காட்டும். நீங்கள் சுவரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இடப்பக்கம் போவதா வலப்பக்கம் போவதா என்பதை அங்கே நின்று யோசித்தால் தோற்றீர்கள். டப்பா எந்தச் சாலையின் மட்டத்தில் இருக்கிறது என்பதை ஹோட்டல் அறையிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

அதற்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தை அடிப்படையாகக் கொண்ட, சமவுயரக் கோடு (ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் கோடு) போட்ட வரைபடம் ஒன்றை ஆப்பில் வைத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டுகளை நெருக்கமான சிறு கோடுகளாக அது காட்டும். டப்பாவின் புள்ளியைப் பெரிதாக்கி, அதைத் தொடும் பாதை எது, அந்தப் பாதை எந்தச் சாலையில் தொடங்குகிறது என்று விரலால் பின்னோக்கி வாருங்கள். புள்ளி எந்தப் பாதையையும் தொடாமல் இரண்டு சாலைகளுக்கு நடுவே தொங்கினால், கடைசி ஐந்தாறு பேர் எழுதிய பதிவுகளைப் படியுங்கள். ‘மூச்சு வாங்கியது’, ‘மேலிருந்து வந்தோம்’, ‘காட்சி அருமை’ போன்ற சொற்களே விடையைச் சொல்லிவிடும். டப்பா வைத்தவர் ‘பாதை தொடங்கும் இடம்’ என்று தனிப் புள்ளி கொடுத்திருந்தால் அம்பை அதற்குத் திருப்பி நடங்கள். டப்பாவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

மாலை ஆறரை மணி என்பது உங்களுக்குச் சாதகம். 1993-இல் திறக்கப்பட்ட சென்ட்ரல்–மிட்-லெவல்ஸ் மின்படிக்கட்டு ஏறக்குறைய 800 மீட்டர் நீளம், 135 மீட்டர் ஏற்றம். காலை 6 முதல் 10 வரை கீழ்நோக்கி ஓடும். அதன்பின் நள்ளிரவு வரை மேல்நோக்கி. ஆகவே காண்டுயிட் ரோடு வரை அதில் நின்றபடியே போய்விட்டு, மேல் மட்டத்து டப்பாவில் தொடங்கி ஒவ்வொரு சாலையாகக் கீழே இறங்குங்கள். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்பில் 2.8 மீட்டர் உயரமுள்ள மாடிகள் 48 ஏறுகிற வேலை மிச்சம்.

கே: கட்டடங்களுக்கு நடுவே அம்பு பைத்தியம் பிடித்த மாதிரி சுற்றுகிறது. புதுக் கைத்தொலைபேசி வாங்கினால் சரியாகுமா?
– தோ பாயோ வாசகி

ப: வாங்க வேண்டாம். திறந்த வானத்தின் கீழ் நல்ல கைத்தொலைபேசி ஐந்து மீட்டர் அளவுக்குத் துல்லியம் தரும். கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே செயற்கைக்கோளின் சமிக்ஞை நேராக வராமல் சுவரில் பட்டுத் தெறித்து வருகிறது. தெறித்து வந்த சமிக்ஞை பயணம் செய்த தூரம் அதிகம். கருவி அதையும் நேராக வந்ததாக எண்ணிக் கணக்குப் போடுவதால் புள்ளி தெருவுக்கு அந்தப் பக்கம் தாவுகிறது. மேட்டு நகரில் இன்னொரு சிக்கல்: மலை ஒரு பக்கத்து வானத்தையே மறைத்துவிடும். அந்தத் திசைச் செயற்கைக்கோள்கள் கணக்கில் வராமல் போகும்.

செய்ய வேண்டியது இது. டப்பாவுக்கு முப்பது நாற்பது மீட்டர் தள்ளி, வானம் கொஞ்சம் திறந்திருக்கும் சந்திப்பிலோ மேம்பாலத்திலோ ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். அம்பு நிலைத்ததும் அது காட்டும் திசையில் ஒரு பொருளைக் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள்: விளக்குக் கம்பம், கைப்பிடி முனை, எதுவானாலும் சரி. வேறு பக்கத்தில் இன்னொரு திறந்த இடத்துக்குப் போய் மறுபடி பாருங்கள். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தேடுங்கள். பத்து மீட்டருக்குள் வந்ததும் கைத்தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிடலாம். அதற்குமேல் அது சொல்வதை நம்பி ஒரு பூச்சட்டியை மூன்று முறை சுற்றுவதில் பயன் இல்லை.

காந்த மூடி போட்ட உறை இருந்தால் கழற்றிவிடுங்கள். திசைகாட்டியை அது கெடுக்கும். கழற்றிய பிறகும் அம்பு சுற்றினால் கைத்தொலைபேசியைக் காற்றில் எட்டு போடுவதுபோல நாலைந்து முறை அசையுங்கள். ஆப் காட்டும் ‘உயரம்’ எண்ணை வைத்து எந்த மட்டத்தில் நிற்கிறோம் என்று முடிவு செய்யாதீர்கள். ஜிபிஎஸ்ஸில் உயரத்தின் பிழை கிடைமட்டப் பிழையைவிடப் பொதுவாகப் பெரிது.

கே: புதிரை விடுவித்தால்தான் இடம் தெரியும் ‘புதிர் டப்பா’ ஒன்றின் புதிரை விடுவித்து, கிடைத்த எண்களை ஆப்பில் போட்டேன். நடுக்கடலைக் காட்டுகிறது. விடை தவறா?
– பொங்கோல் வாசகர்

ப: விடை சரியாகவே இருக்கலாம், போட்ட முறை தவறாக இருக்கலாம். இந்த விளையாட்டில் எண்கள் பாகை, அதன்பின் தசமத்தில் கலை (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) என்ற முறையில் வரும். எடுத்துக்காட்டாக, வடக்கு 22° 16.750′, கிழக்கு 114° 09.500′ என்று இருந்தால் அது ஹாங்காங் சென்ட்ரலுக்குப் பக்கம். இதையே 22.16750, 114.09500 என்று தசமப் பாகையாகத் தட்டினால் புள்ளி சுமார் 12 கிலோமீட்டர் தெற்கேயும் ஆறரை கிலோமீட்டர் மேற்கேயும் நகர்ந்து, லம்மா தீவையும் தாண்டிக் கடலில் விழும். சரியாக மாற்ற, கலையை 60-ஆல் வகுக்க வேண்டும்: 16.750 ÷ 60 = 0.27917. ஆக, 22.27917.

கடைசி இலக்கம் ஒன்று மாறினால் எவ்வளவு நகரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வடக்கு-தெற்கில் எங்கும் ஏறக்குறைய 1.85 மீட்டர். கிழக்கு-மேற்கில் இடத்தைப் பொறுத்தது: பூமத்தியரேகைக்குப் பக்கமான சிங்கப்பூரில் அதே 1.85, ஹாங்காங்கில் 1.7, சான் பிரான்சிஸ்கோவில் 1.46. கடைசி இலக்கத்தில் ஐயம் இருந்தால் தேடும் வட்டம் எவ்வளவு என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம்.

கே: கைப்பை ஒன்றுதான் கொண்டு போவேன். கூட்டம் முடிந்து அப்படியே தேடப் போக என்னென்ன வேண்டும்?
– ஜூரோங் வெஸ்ட் வாசகி

ப: முதலில் சப்பாத்து. தோல் அடிப்பாகம் உள்ள அலுவலகச் சப்பாத்து ஈரமான கல் படிக்கட்டில் வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ள கறுப்புச் சப்பாத்து ஒன்று இருந்தால் கூட்டத்துக்கும் ஆகும், படிக்கும் ஆகும்.

நகரத்து டப்பாக்களில் பெரும்பாலானவை மிகச் சிறியவை. நூறு மில்லிலிட்டருக்குக் கீழ் என்றால் ‘மைக்ரோ’. அதிலும் சிறியது ‘நானோ’: சுண்டுவிரல் நுனி அளவு, அடியில் காந்தம், பார்த்தால் போல்ட் தலை மாதிரி. இதற்கு வேண்டிய கருவிகளும் சிறியவைதான்: மெல்லிய முனைப் பேனா ஒன்று, கட்டைப் பென்சில் ஒன்று, முனை மழுங்கிய இடுக்கி, காய்ந்த தாள் சில துண்டு, சின்ன ஸிப் பை இரண்டு, ஒரு கைக்குட்டை, சட்டைப்பை அளவு டார்ச். பென்சில் எதற்கென்றால், ஈரத் தாளில் பேனா மை இறங்காது. 10,000 மில்லியாம்பியர்-மணி மின்வங்கி 37 வாட்-மணிதான். விமானத்தில் அது உங்களோடு கைப்பையிலேயே இருக்க வேண்டும். கத்தி உள்ள பல்கருவியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கைக்குட்டையை ஏன் சேர்த்தோம் என்றால், சரிவில் நானோவின் மூடி கை தவறினால் கதை முடிந்தது. உருண்டு சாக்கடைக் கம்பிக்குள் போய்விடும். உட்கார்ந்து, மடியில் கைக்குட்டையை விரித்து, அதன் மேல் வைத்துத் திருகுங்கள். உள்ளே ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த அகலத்தில் நீண்ட தாள் சுருண்டிருக்கும். அதன் வெளி முனையை இடுக்கியால் பிடித்து மெல்ல இழுத்து, காலி இடத்தில் தேதியும் பெயரின் முதலெழுத்துகளும் மட்டும் எழுதுங்கள். முழுப் பெயருக்கு இடமிருக்காது. திரும்பச் சுருட்டும்போதுதான் பலரும் அவசரப்படுகிறார்கள். இடுக்கியின் முனையில் தாளைப் பொருத்தி, பீடி சுற்றுவதுபோல் இறுக்கமாகச் சுற்றி, மூடியின் குழிக்குள் இறக்கிவிட்டு இடுக்கியை உருவுங்கள். சுருள் தளர்ந்திருந்தால் அதன் விளிம்பு மரைக்குள் மாட்டிக்கொள்ளும். மூடி கடைசிச் சுற்று ஏறாது. அந்த இடுக்கில் ஒரே மழையில் தண்ணீர் புகுந்துவிடும். அடுத்து வருபவர் கையில் கிடைப்பது தாள் இல்லை, கூழ்.

ஏற்கெனவே கூழாகியிருந்தால் தேய்த்து எழுத முயல வேண்டாம். உங்கள் தாள் துண்டில் எழுதி, இடம் இருந்தால் ஸிப் பைக்குள் போட்டு வையுங்கள். ‘பராமரிப்பு தேவை’ என்று பதிவில் குறிப்பிட்டுவிடுங்கள்.

பெரிய டப்பாவில் பண்டமாற்றுப் பொருள்கள் இருக்கும். எடுத்தால் அதே மதிப்புக்குக் குறையாத ஒன்றை வைக்க வேண்டும். நம்மூர் மிட்டாயை வைத்துவிடாதீர்கள். எறும்பும் எலியும் டப்பாவையே கடித்துப் போட்டுவிடும்.

கே: இரவு ஒன்பது மணிக்கு ஒரு சுவரோரம் டார்ச் அடித்துத் தேடினால் காவலர் வந்து கேட்க மாட்டாரா?
– பிடோக் வாசகர்

ப: கேட்பார், கேட்கவும் வேண்டும். ஒளிக்காமல் ஆப்பின் பக்கத்தைக் காட்டி, விளையாட்டு என்று சொல்லுங்கள். போகச் சொன்னால் போய்விடுங்கள். தூதரகம், வங்கி, பள்ளிக்கூட வாசல் என்றால் இரவில் பக்கத்திலேயே போக வேண்டாம்.

எங்கே கை வைக்கக் கூடாது என்பது அதைவிட முக்கியம். டப்பாவை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது என்பது விதி. ஆகவே தோண்ட வேண்டிய நிலை வந்தால் நீங்கள் தவறான இடத்தில் இருக்கிறீர்கள். மின்பெட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள். ஹாங்காங் தடுப்புச் சுவர்களில் மழைநீர் வடிய வரிசையாகத் துளைகள் விட்டிருப்பார்கள். டப்பா வைக்க அம்சமான இடம் என்று தோன்றும். விரலை விட வேண்டாம், பூரான் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். சரிவுகளில் எண் பொறித்த தகடுகள் இருக்கும். அவை அரசின் சரிவுப் பதிவு எண்கள். கழற்றிப் பார்க்க அதில் ஒன்றுமில்லை. பார்க்க வேண்டிய இடங்கள் கைப்பிடிக் கம்பியின் அடிப்பக்கம், கம்பத்தின் பின்புறம், பெஞ்சின் அடிச்சட்டம். மூன்று ஒரே மாதிரி போல்ட்டுக்கு நடுவே நாலாவது ஒன்று மட்டும் துருப்பிடிக்காமல் பளபளத்தால் அதை இழுத்துப் பாருங்கள்.

கே: இரண்டு மணி நேரத்தில் எத்தனை எடுக்கலாம்?
– அங் மோ கியோ வாசகர்

ப: மேட்டு நகரில் நாலு. ஐந்தாவது கிடைத்தால் அதிர்ஷ்டம். கடைசியாக ஒரு மாதத்துக்குள் யாராவது கண்டெடுத்திருக்கும் டப்பாக்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். வரிசையாக மூன்று பேர் ‘கிடைக்கவில்லை’ என்றிருந்தால் தள்ளிவிடுங்கள். கடினம், நிலப்பரப்பு என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை இரண்டு மதிப்பெண் உண்டு. நிலப்பரப்பு 3-க்கு மேல் என்றால் அலுவலக உடையில் வேண்டாம். பல கட்டமாகப் போகும் ‘மல்ட்டி’ வகையைத் தவிர்ப்பதே நல்லது: இறங்கி வந்தபின் இரண்டாவது கட்டம் உங்களைத் திரும்ப மலையேறச் சொல்லும். புதிர்களை விமானம் ஏறுமுன் வீட்டிலேயே தீர்த்துவிடுங்கள். டப்பாவே இல்லாத ‘எர்த்கேஷ்’ வகை பயணிகளுக்கு ஏற்றது. பாறையைப் பார்த்துக் கேள்விக்கு விடை எழுதி அனுப்பினால் முடிந்தது.

கே: ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ. கோடைதானே, ஜாக்கெட் தேவையில்லையே?
– பீஷான் வாசகி

ப: கண்டிப்பாகத் தேவை. அங்கே ஜூலையில் மாலையானால் கடல் மூடுபனி ஏறி வந்து நடுங்க வைக்கும். ஹைட், லெவன்வொர்த் தெருக்களுக்கு இடையில் ஃபில்பர்ட் தெருவின் சரிவு 31.5 சதவீதம். 100 மீட்டர் போனால் 31.5 மீட்டர் ஏறியிருப்பீர்கள். இறங்குவது முழங்காலுக்கு இன்னும் மோசம். குறுக்கும் நெடுக்குமாக இறங்குங்கள். காயிட் கோபுரத்துக்குப் போகும் ஃபில்பர்ட், கிரீனிச் படிக்கட்டுகளின் இருபுறமும் வீடுகளும் தோட்டங்களும் இருக்கின்றன. படியை விட்டு விலக வேண்டாம், இருட்டியபின் தேடவும் வேண்டாம். ஆப் தூரத்தை அடிக்கணக்கில் காட்டினால் மீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கே: போன இடத்தில் நினைவாக நானும் ஒரு டப்பா வைத்துவிட்டு வரலாமா?
– ஈசூன் வாசகர்

ப: கூடாது. பராமரிக்க முடியாத தூரத்தில் வைத்தால் இணையதளத்தில் அனுமதி கிடைக்காது. சிங்கப்பூரில் வையுங்கள்: இடத்துக்குப் பொறுப்பானவரின் அனுமதியோடு, மற்ற டப்பாக்களிலிருந்து 161 மீட்டராவது தள்ளி, வெளியே ‘ஜியோகேஷ்’ என்று தெளிவாக எழுதி. எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கம் வேண்டவே வேண்டாம். கேட்பாரற்ற பொட்டலம் ஒன்று அங்கே எவ்வளவு பெரிய பரபரப்பைக் கிளப்பும் என்று சொல்லத் தேவையில்லை.

கே: சிங்கப்பூரே தட்டை. கிளம்பும் முன் எங்கே பழகுவது?
– கிளமெண்டி வாசகி

ப: அவ்வளவு தட்டையும் இல்லை. ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்திலிருந்து ஃபேபர் மலைக்கு ஏறும் மராங் பாதை ஏறக்குறைய 800 மீட்டர், 70 மீட்டர் ஏற்றம். நெய்ஸ்மித் கணக்குப்படி 17 நிமிடம். கடிகாரம் பார்த்து ஏறுங்கள். 25 நிமிடம் ஆனால் உங்கள் காரணி ஒன்றரை. ஹாங்காங்கில் எந்தக் கணக்கையும் அதனால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து 2008-இல் திறந்த ஹென்டர்சன் வேவ்ஸ் பாலத்துக்கு நடந்து போய், நடுவில் நின்று அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு படியிறங்கி, 36 மீட்டர் கீழே இருக்கும் ஹென்டர்சன் சாலையின் நடைபாதைக்கு வந்து, அம்பைப் பின்பற்றிப் பாலத்துக்கு நேர் கீழே நில்லுங்கள். ஆப் ‘வந்து சேர்ந்துவிட்டீர்கள்’ என்று சொல்லும்.